ஒப்படைக்க ஓர் ஆள்

நிலாவில் பனிக்குழி ஊருக்கு இது நாலாவது விடுதலை. முந்தைய மூன்றும் முழு விடுதலை இல்லை என்பது ஒவ்வொரு தடவையும் பொங்கல் பானையைக் கழுவிய பிறகுதான் தெரிந்தது.

கேண்டீனில் சீனியம்மா சர்க்கரைப் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தாள். நிலாவில் எதுவும் அவசரப்படாது. கொதி வந்தால் நுரை ஆளுயரத்துக்கு எழும்பி, யோசித்து யோசித்துத்தான் கீழே இறங்கும். அதற்காகவே பானைக்கு மேல் வலை கட்டியிருந்தார்கள். பாதி வாழ்க்கை பனி வெட்டும் எந்திரம் ஓட்டியவள் அவள். நுரையீரலில் தூசி அடைத்துக்கொண்டதும் அடுப்படிக்கு மாற்றிவிட்டார்கள்.

ஷிப்டு முடிந்து மகள் பவுனு வந்தாள். கூரையில் ஓடும் குழாய்களைக் கை மாற்றி மாற்றிப் பிடித்துத் தொங்கியபடி வருவதுதான் அவள் வழக்கம். முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் வில்லாக வளைந்திருந்தன. நடக்க முடியாது என்றில்லை, கையால் போவது வேகம்.

"இந்தத் தடவை என்னம்மா குடுக்குறாங்க?"

"முழுசு."

"போன தடவையும் முழுசுன்னுதான் சொன்ன."

"போன தடவை குடுத்தது தன்னாட்சியாம். அதுக்கு முந்தினது பொறுப்பாட்சியாம். உங்க மாமன் மேடையில பேசும்போது எல்லாம் ஒண்ணு மாதிரிதான் கேட்டுச்சு. நானும் ஒவ்வொரு தடவையும் நெய் ஊத்திக் கிண்டிட்டேன்."

முதல் விடுதலையில் ஆலோசனை சபை வந்தது. ஆளுநர் கேட்டால் சபை ஆலோசனை சொல்லலாம். அவர் கேட்கவில்லை. இரண்டாவதில் சபையில் பாதிப் பேரை ஊரே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கலாம் என்று வந்தது. கக்கூஸ், தெருவிளக்கு, பள்ளிக்கூடம் எல்லாம் ஊர்ப் பொறுப்பு, தண்ணீரும் காற்றும் கீழே உள்ளவர்கள் பொறுப்பு. மூன்றாவதில் தண்ணீர் வந்தது, பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு காற்றும் வந்தது, கோர்ட்டும் வந்தது. கடைசி அப்பீல் மட்டும் கீழே. ஆளுநர் போய் ஆணையர் வந்தார். நாற்காலி அதேதான்.

கீழே என்றால் பூமி. பூமியில் எந்த நாடு இங்கே ஆள் இறக்கிப் பனி வெட்டியதோ, அந்த நாடு. அதன் பெயரைச் சொல்லி யாரும் பேசுவதில்லை. கீழேர்ந்து உத்தரவு, கீழேர்ந்து சம்மதம், அவ்வளவுதான்.

பொங்கலை இறக்கும் நேரத்தில் சீனியம்மாவின் அண்ணன் கருத்தப்பாண்டி உள்ளே வந்தார். தொழிற்சங்கத் தலைவராக இருந்து நாளையிலிருந்து முதலமைச்சர் ஆகப்போகிறவர். பின்னாலேயே அரசியல் சாசனத்தை எழுதிய வக்கீல் எபனேசர். இரண்டு பேர் முகமும் சரியில்லை.

"என்னண்ணே, கொடி தலைகீழாத் தச்சுட்டாங்களா?"

"கொடி கெடக்கட்டும் தாயி. ஆணையர் ஒரு கேள்வி கேட்டுட்டாரு. நாளைக்கு நாட்டை யார்கிட்ட ஒப்படைக்கிறதுன்னு."

"உங்ககிட்டதான?"

"அப்படித்தான் நானும் சொன்னேன். நீங்க எங்க பொறந்தீங்கன்னாரு. சுழல்வீட்டுலன்னேன். இங்க எல்லாரும் அங்கதான பொறக்கோம்? அது எங்க நாட்டு மண்ணுங்கிறாரு அவரு."

சுழல்வீடு நிலாவைச் சுற்றி வரும் பெரிய சக்கரம். சுற்றுகிற வேகத்தில் அதற்குள் பூமியின் எடை கிடைக்கும். அந்த எடை இல்லாவிட்டால் வயிற்றுப் பிள்ளைக்கு எலும்பு சரியாகக் கூடாது. ஆரம்ப காலத்தில் பனிக்குழியிலேயே பிறந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் பிழைக்கவில்லை. அதனால் வயிறு தெரிய ஆரம்பித்ததும் பெண்களை வண்டியில் மேலே அனுப்பிவிடுவார்கள். பிள்ளை நடக்கப் பழகிய பிறகு இறங்கி வருவார்கள். நிலாத் தரையில் பிள்ளை பெறுவது குற்றம். பெற்றவளைக் கீழே அனுப்பிவிடுவார்கள்.

"சுழல்வீடு நம்மளுதுதான?" என்றாள் சீனியம்மா. "நம்ம தாத்தா வெல்டு வச்சதுல்ல அது? அந்த வேலையில அவருக்குக் கண்ணே போச்சு."

எபனேசர் ஒரு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"கட்டுனது நாமதான்க்கா. உரிமை அவங்களுது. தண்ணியக் கேட்டோம், காத்தைக் கேட்டோம், கோர்ட்டைக் கேட்டோம். ஒவ்வொண்ணையும் கேட்டுக் கேட்டு வாங்குனோம். சுழல்வீட்டை மட்டும் எந்தப் பேச்சுவார்த்தையிலயும் யாரும் கேக்கவே இல்ல. நானும் கேக்கல."

"நம்ம வீட்டையே போய் ஒருத்தன்கிட்ட யாராச்சும் கேப்பாங்களா?"

"அதான் நடந்துருக்கு. நாளைக்குப் பனி வெட்டுற கம்பெனி ஆளுங்க கீழேர்ந்து வந்து நாங்களும் குடிமக்கள்னு உக்காந்துறக் கூடாதுன்னு, இந்த மண்ணுல பொறந்தவங்கதான் குடிமக்கள்னு நானே எழுதுனேன். எல்லாரும் கை தட்டுனீங்க. இப்பப் பாத்தா இந்த மண்ணுல பொறந்தவங்கன்னு ஒருத்தரும் இல்ல. நாம அத்தனை பேரும் அவங்க நாட்டுல பொறந்துருக்கோம்."

பவுனு மேலே தொங்கியபடி சிரித்துவிட்டாள். "அப்ப நாளைக்கு நாடு இருக்கும், ஆளு இருக்காது. நல்லாத்தான எழுதிருக்கீங்க சார்."

"திருத்தி எழுதுங்க," என்றாள் சீனியம்மா.

"இப்பத் திருத்துனா கீழ பாராளுமன்றம் சம்மதிக்கணும். நாளைக்குள்ள நடக்காது. நாளைக்கு ஒப்படைக்கலன்னா விடுதலைச் சட்டமே காலாவதி. மறுபடி முதல்லேர்ந்து. போன பேச்சுவார்த்தையை ஆரம்பிச்சவர் எங்கப்பா. முடியுறதுக்குள்ள அவரே போய்ச் சேந்துட்டாரு." எபனேசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒப்படைச்ச பிறகுன்னா நம்ம சபையே திருத்திக்கலாம். ஆனா சபையில உக்காருறது குடிமக்களா இருக்கணும். ஒரே ஒரு ஆள் இருந்தாப் போதும்க்கா. அந்த ஒரு ஆளே சபை. இங்க வாழுற எல்லாரும் குடிமக்கள்னு ஒரு வரி வாசிச்சுக் கையத் தூக்கினா முடிஞ்சது."

கருத்தப்பாண்டி அண்ணாந்து பவுனுவைப் பார்த்தார். பார்த்ததும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சீனியம்மா கையிலிருந்து கரண்டி நழுவியது. அது தரைக்குப் போய்ச் சேருவதற்குள் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"பவுனு, நீ வீட்டுக்குப் போ."

"எதுக்கு?"

"போன்னா போ."

அவள் அம்மாவையும் மாமனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குழாயைப் பிடித்துப் போய்விட்டாள்.

"வேண்டாம்ண்ணே," என்றாள் சீனியம்மா.

"நான் ஒண்ணும் சொல்லலையே தாயி."

"சொல்லலைன்னா வக்கீலு ஏன் இப்படி முழிக்கிறாரு?"

எபனேசருக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியாது. கருத்தப்பாண்டிதான் அப்போது சொன்னார். காற்றுக்கான வேலைநிறுத்தத்தின்போது கம்பெனி கதவடைப்புச் செய்தது. சுழல்வீட்டு வண்டியையும் மாதக்கணக்கில் நிறுத்தியது. அதற்குள் சீனியம்மாவுக்கு நிறைமாதம் ஆகிவிட்டது. எந்திரக் கொட்டகையில், பனி வெட்டும் தகடுகளுக்கு நடுவில் பவுனு பிறந்தாள். பிரசவம் பார்த்தவள் கருத்தப்பாண்டியின் மனைவி. வண்டி மறுபடி ஓடியதும் பிள்ளையை மேலே கொண்டுபோனார்கள். சுழல்வீட்டின் எடையை அந்த எலும்பு தாங்கவில்லை. அங்கே இருந்த தாதிப் பெண்கள் நம் ஊர்க்காரிகள். அங்கேயே பிறந்ததாக எழுதிக்கொண்டு, பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கைக்குழந்தையில் பனி ஏற்றிப்போகும் பெல்ட்டிலிருந்து விழுந்துவிட்டாள், அம்மா கவனிக்கவில்லை என்று ஊருக்குச் சொன்னார்கள். பவுனுவுக்கும் அதைத்தான் சொன்னார்கள்.

எபனேசர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஸ்கேன் எடுத்தாத் தெரிஞ்சுரும். எடையில கூடுன எலும்புக்கும் எடை இல்லாமக் கூடுன எலும்புக்கும் உள்ள ஓடுற வரி வேற. வேற சாட்சியே வேண்டாம்."

"அதே ஸ்கேன்தான எனக்கு எதிராவும் சாட்சி?" என்றாள் சீனியம்மா.

எபனேசர் ஆமாம் என்று தலையாட்டினார்.

"நாளையோட அவங்க சட்டம் போயிரும்ல?" என்றார் கருத்தப்பாண்டி.

"போகாதுண்ணே. பழைய சட்டமெல்லாம் நாம எடுக்குற வரைக்கும் தொடரும். அதை எடுக்கவும் முடியாது. எடுத்தா சுழல்வீட்டுல நம்ம பொண்ணுங்களைச் சேக்க மாட்டாங்க, ஒப்பந்தத்துல இருக்கு," என்றார் எபனேசர். "ஜெபராணிக்கு இது அஞ்சாவது மாசம். அடுத்த வண்டியில போறா. அவளோட சேந்து இன்னும் எத்தனையோ பொண்ணுங்க."

ஜெபராணி எபனேசரின் மனைவி. கல்யாணமாகி வெகுகாலம் கழித்து உண்டானவள்.

நிலாவில் வளர்ந்த உடம்பு கீழே போனால் மூச்சு விடுவதே மூட்டை தூக்குகிற வேலை. இருதயம் எத்தனை நாள் தூக்கும்? போனவர்கள் யாரிடமிருந்தும் நெடுநாள் சேதி வந்ததில்லை.

"உன்னைய விட்டுற மாட்டேன் தாயி," என்றார் கருத்தப்பாண்டி.

"எப்படி விட மாட்ட?"

சீனியம்மா கரண்டியை எடுத்துக் கழுவினாள். கழுவின கரண்டியையே மறுபடியும் கழுவினாள்.

வீட்டுக்குப் போனதும் மகளிடம் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. அவளுக்கு அது வராது.

பவுனு கேட்டுவிட்டுத் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நான் விழவே இல்லையா?"

"இல்ல."

"உன்னால விழுந்தேன்னு எத்தனை தடவை உன்னையத் திட்டிருக்கேன். அவ்வளவும் வீணா?"

"வீணாப் போகாது. வேற எதுக்காச்சும் கழிச்சுக்க."

பவுனுவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் இரண்டையும் அடக்கிக்கொண்டாள்.

"நாளைக்குப் போ," என்றாள் சீனியம்மா. "ஸ்கேன் எடுக்கட்டும். அந்த ஒரு வரிய வாசிச்சுட்டு உக்காந்துரு."

"நீ?"

"கீழ போயித்தான் பாக்கேன். மழைன்னு ஒண்ணு பெய்யுமாம்ல."

"லூசு மாதிரிப் பேசாத. சாகப் போறேங்கிறதை மழை பாக்கப் போறேங்கிற."

"பின்ன என்ன செய்யச் சொல்ற? நாளைக்கு ஒப்படைக்கலன்னா மறுபடி கம்பெனிக்காரன் வருவான், மறுபடி கதவடைப்பு. அந்தக் கொட்டகையில நான் கெடந்த மாதிரி இன்னொருத்தி கெடப்பா." சீனியம்மா இருமினாள். தூசி இருமல், முடிய நேரமாகும். "உன்னைய இவ்வளவு காலம் ஒளிச்சே வச்சிருந்தேன். ஒரு நாளாச்சும் ஊரு பாக்கட்டும்."

"நீ சொல்றது சரியா தப்பான்னே எனக்குப் புரியலம்மா."

"எனக்கும்தான் புரியல. சாப்புடு."

மறுநாள் ஊர் முழுக்கக் கூட்ட அறையில் நின்றது. எதற்காகக் காத்திருக்கிறோம் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொன்னதையும் மற்றவர்கள் நம்பவில்லை. எந்திரக் கொட்டகையில வேலை பாக்குற பவுனா? அவளா குடிமகள்? அப்ப நாமெல்லாம் யாரு?

டாக்டர் ஸ்கேன் எடுத்து ஆணையரிடம் கொடுத்தார். ஆணையர் கெட்டவர் இல்லை. இங்கேயே பல வருடம் இருந்து தமிழ் படித்தவர். படித்தபடியே பேசுவார்.

"இவர் இந்த மண்ணில் பிறந்தவர் என்று சான்றளிக்கிறேன்," என்றார். அடுத்த மூச்சில், "இவருடைய தாயார் எங்கள் நாட்டில் பிறந்தவர். எங்கள் சட்டத்தை மீறியவர். விழா முடிந்ததும் அவர் எங்களுடன் புறப்பட வேண்டியிருக்கும். வருந்துகிறேன்."

அவருடைய ஆட்கள் இருவர் சீனியம்மாவின் இரு பக்கமும் வந்து நின்றார்கள். அவள் கொஞ்சம் நகர்ந்து அவர்களுக்கு இடம் விட்டாள்.

பழைய கொடி இறங்கியது, புதியது ஏறியது. ஆணையர் முத்திரையைப் பவுனுவின் கையில் கொடுத்துக் கை குலுக்கினார். அவ்வளவுதான், நாடு அவளுடையது. கருத்தப்பாண்டி அவளைச் சபைத் தலைவரின் நாற்காலியில் உட்கார வைத்தார். எபனேசர் ஒரு வரி எழுதிய தாளை முன்னால் வைத்தார்.

பவுனு அதைப் படித்தாள். மறுபடி படித்தாள். வாசிக்கவில்லை.

"வக்கீல் சார், இதை வாசிச்சா எங்கம்மா என்னாகும்?"

எபனேசர் தடுமாறினார். "சபையில... கேள்வி கேக்குற நேரம் இது இல்லம்மா."

"அவையின் ஒரே உறுப்பினர் அவர்தான்," என்றார் ஆணையர். "அவர் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம்."

"சொல்லுங்க சார்."

"குத்தம் முன்னாடியே நடந்தது. அந்தச் சட்டம் இருக்குற வரைக்கும் அவங்களை அனுப்பித்தான் ஆகணும்."

"அப்ப முதல்ல அந்தச் சட்டத்தை எடுக்குறேன்."

அறையில் ஒரு சத்தம் எழுந்தது. கோபமா, பயமா, என்னவென்று பிரித்துச் சொல்ல முடியாத சத்தம். கூட்டத்தில் வயிற்றில் கை வைத்தபடி நின்ற ஜெபராணி பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, வேணாம்!" என்று கத்தியது சீனியம்மாதான். "சொன்னதை மட்டும் வாசி!"

"பவுனு, யோசிச்சுக்கோ," என்றார் எபனேசர். வக்கீல் குரல் போய்விட்டிருந்தது. "சுழல்வீட்டை மூடிருவாங்க. என் பிள்ளை..."

"என்னைய மாதிரிப் பொறந்துரும்னு பயமா சார்?"

எபனேசர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பொழைக்காமலும் போகும்டி," என்றார் கருத்தப்பாண்டி. "அந்தக் காலத்துல பாதிக்கு மேல போச்சு. அதையும் நெனச்சுக்க."

"நெனச்சேன் மாமா. ராவெல்லாம் அதைத்தான் நெனச்சேன். எனக்கும் ஒண்ணும் தெரியல." அவள் முத்திரையைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள். "பிள்ளைங்களை நெனச்சா அந்த ஒரு வரியப் படிக்கத் தோணுது. அம்மாவப் பாத்தா முடியல. ஆனா ஒண்ணு மாமா. இந்த நாட்டுல இப்ப நான் ஒருத்திதான் இருக்கேன். நான் பொறந்திருக்கவே கூடாதுன்னு ஒரு சட்டத்தையும் பக்கத்துல வச்சுக்கிட்டு, நான் என்னத்த ஆரம்பிக்கிறது?"

கையைத் தூக்கினாள்.

சபை எழுத்தருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பழக்க தோஷத்தில், "எதிர்ப்பவர்கள்?" என்று கேட்டார். ஊரே நின்றது. எதிர்க்கிற உரிமை ஒருவருக்கும் இல்லை. எழுத்தர் எழுதிக்கொண்டார்.

பிறகு அவள் அந்தத் தாளை எடுத்து, இங்கே வாழ்கிற எல்லாரும் குடிமக்கள் என்று வாசித்தாள். மறுபடி கையைத் தூக்கினாள். சீனியம்மாவின் இரு பக்கமும் நின்ற ஆட்கள் ஆணையரைப் பார்த்தார்கள். ஆணையர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

"நான் கீழே தெரிவித்தாக வேண்டும்," என்றார் அவர். "அங்கே என்ன முடிவெடுப்பார்களோ எனக்குத் தெரியாது. அதுவரை சுழல்வீட்டு வண்டி புறப்படாது." ஏதோ இன்னும் சொல்ல வாயெடுத்தவர், சரியான சொல் கிடைக்காததுபோல நிறுத்திக்கொண்டு, எல்லாருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

கை தட்டுவதா என்று யாருக்கும் புலப்படவில்லை. ஒரு மூலையில் சிலர் தட்டி, மற்றவர்கள் சேராததால் நிறுத்தினார்கள். பாட்டுப் பாட வந்த பிள்ளைகள் வாத்தியாரைப் பார்த்தார்கள், வாத்தியார் கருத்தப்பாண்டியைப் பார்த்தார். அவர் தங்கையைப் பார்த்தார். சீனியம்மா மகளை அடிப்பதற்காக மேடை ஏறியிருந்தாள். பக்கத்தில் போனதும் அடிக்க மறந்து, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு இருமினாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜெபராணி வந்தாள். எபனேசர் குறுக்கே வந்தார். அவரைத் தள்ளிவிட்டாள்.

"பவுனு, காலைக் காட்டு."

பவுனு உடுப்பின் காலைச் சுருட்டினாள். ஊரில் யாரும் இதுவரை அப்படிக் கேட்டதில்லை. ஜெபராணி குனிந்து, வளைந்த எலும்பை விரலால் மேலிருந்து கீழ்வரை அழுத்திப் பார்த்தாள்.

"வலிக்குமா?"

"பெல்ட்டுக்கிட்ட குளிர் ஏறுனா வலிக்கும் அத்தை. மத்தபடி அது பாட்டுக்கு இருக்கும்."

ஜெபராணி நிமிர்ந்து சீனியம்மாவிடம் திரும்பினாள். "அக்கா, அன்னைக்குக் கொட்டகையில எப்படிப் பாத்தாங்க? என்னென்ன வேணும்? பிள்ளையக் கையில எடுத்ததும் என்ன செஞ்சாங்க?"

"எனக்குத் தெரியாதுத்தா," என்றாள் சீனியம்மா. "நான் கத்திக்கிட்டுக் கெடந்தேன். பாத்தது எங்க மதினி. அவ செத்துப்போயிட்டா."

ஜெபராணி மேடைப் படியில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னாலேயே வயிற்றோடு இன்னும் சில பெண்கள் வந்து நின்றார்கள்.

"சரி," என்றாள் ஜெபராணி. "இனி யாரைக் கேக்குறது?"